தோட்டம் கைமாறினால் லயம், கோயில், பள்ளி என்னவாகும்? நெகிரி செம்பிலான் தோட்டங்கள்: ஒரு விளக்கம்

வார இறுதியில் குடும்பத்தோடு போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போயிருப்பீங்க. அந்த வட்டாரத்துப் பள்ளிப் பெயர்ப் பலகைகளைக் கவனித்ததுண்டா? பிராட்வால் தோட்டத் தமிழ்ப்பள்ளி, சுவா பெத்தோங் தோட்டத் தமிழ்ப்பள்ளி, லின்சம் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று நெகிரி செம்பிலானில் பல பள்ளிகளின் பெயரிலேயே ஒரு தோட்டம் இருக்கிறது.

ஆனால் நாடு முழுக்கப் பல இடங்களில் பெயர்தான் மிச்சம். தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது, லயம் இடிக்கப்பட்டுவிட்டது. இது ஏன் நடக்கிறது, சட்டம் எதைக் காப்பாற்றுகிறது, சுற்றுலாவால் ஏதாவது பயன் உண்டா என்று பார்ப்போம்.

தோட்டம் என்றால் வெறும் மரமா?

இல்லை. தோட்டம் என்பது ஒரு முழு ஊர். விடியுமுன் ஆட்கள் வரிசையில் நின்ற பெரட்டுக் களம், பால் ஸ்டோர், லயம், ஆயாக்கொட்டகை, கள்ளுக்கடை, மாரியம்மன் கோயில், பள்ளி, திடல் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன.

ரப்பருக்காகத் தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் ஒப்பந்த முறையிலும் கங்காணி முறையிலும் கொண்டுவரப்பட்டார்கள். ஒப்பந்த முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. 1938-இல் இந்திய அரசாங்கம் தடை விதித்ததால் கங்காணி வழி ஆள் எடுப்பதும் நின்றது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். இன்று மாநிலத்தில் உள்ள சுமார் 60 தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இப்போது என்ன நெருக்கடி?

முதலாவது, பயிர் மாறியது. பால் மரத்தின் இடத்தைச் செம்பனை பிடித்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகத் தேவை. அந்த வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் சிரம்பான், நீலாய், கிள்ளான் பள்ளத்தாக்கு என்று பிழைப்பைத் தேடிப் போனார்கள்.

இரண்டாவது, நில விலை. சிரம்பானும் நீலாயும் கோலாலம்பூருக்கும் விமான நிலையத்துக்கும் பக்கம். சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களில் சுமார் 153,000 ஹெக்டரை உள்ளடக்கிய 'மலேசியா விஷன் வேலி 2.0' திட்டத்தின் எல்லைக்குள் பெரிய தோட்ட நிலங்களும் வருகின்றன. எண்ணெய் தரும் நிலத்தைவிட வீடு கட்டும் நிலம் அதிக லாபம் தரும். கணக்கு அவ்வளவுதான்.

தொழிலாளருக்குச் சட்டம் என்ன தருகிறது?

1980-ஆம் ஆண்டுப் பணிநீக்கப் பலன் விதிமுறைப்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஓர் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் குறைந்தபட்ச இழப்பீடு. 30 வருஷம் உழைத்தவருக்கு 600 நாள் சம்பளம். இரண்டு வருஷச் சம்பளம்கூட இல்லை.

வீடு? லயம் வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். தோட்ட வீடுகள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் தண்ணீர், கட்டட வசதி, சுகாதாரம் பற்றித்தான் பேசுகிறது. அந்த வீட்டைத் தொழிலாளருக்குச் சொந்தமாக்கித் தரவில்லை.

தேசிய நிலச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 40 ஹெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட தோட்டத்தைத் துண்டு போட்டுப் பலருக்கு விற்க, தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். ஆனால் தோட்டம் விற்கப்படுவதையே அந்தப் பிரிவு முற்றாகத் தடுக்காது.

கோயிலும் பள்ளியும்?

பல தோட்டக் கோயில்கள் துரையின் வாய்மொழிச் சம்மதத்தில் எழுந்தவை. நூறு வருஷம் விளக்கு எரிந்திருக்கும், ஆனால் நிலப்பட்டாவில் கோயிலின் பெயர் இருக்காது. தோட்டம் விற்கப்பட்டதும் அது 'அடுத்தவர் நிலத்தில் உள்ள கட்டடம்' ஆகிவிடுகிறது. 2018-இல் சிலாங்கூர் சீபீல்டு கோயில் விவகாரம் கலவரம் வரை போனதற்கு அடிப்படையும் நில உரிமைதான்.

பள்ளிக்கு நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. உரிமத்தை வேறு இடத்துக்கு மாற்றலாம். தோட்டம் காலியானாலும் பள்ளி புதிய குடியிருப்பில் தொடரலாம். ஆனால் பள்ளி நிற்கும் நிலம் தனியாருடையது என்றால், அரசாங்கத்தின் முழு உதவி கிடைப்பதில் சிக்கல் வரும். அதனால் இங்கேயும் முதல் கேள்வி, 'நிலம் யார் பேரில்?'

பாரம்பரியச் சட்டம் காப்பாற்றாதா?

2005-ஆம் ஆண்டுத் தேசிய பாரம்பரியச் சட்டம் பழைய கட்டடத்தைத் தானாகக் காப்பாற்றாது. பாரம்பரிய ஆணையர் முறைப்படி அறிவித்த பிறகே பாதுகாப்பு தொடங்கும். அதற்கு முன் நில உரிமையாளருக்கு அறிவிப்பு தரவேண்டும், மாநில அரசாங்கத்தின் சம்மதமும் வேண்டும். நிலம் மாநிலத்தின் அதிகாரத்தில் இருப்பதே காரணம்.

சுற்றுலா உதவுமா?

கோவிட் காலத்தில் உள்நாட்டுச் சுற்றுலாவுக்கு 1,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு தரப்பட்டது. பதிவுபெற்ற தங்குமிடச் செலவுக்கும் சுற்றுலா இட நுழைவுக் கட்டணத்துக்கும் அந்த விலக்கு. ஆக, டிக்கெட் வாங்கி நுழையும் இடத்துக்குத்தான் பயன். லயத்துக்கு ஏது டிக்கெட்?

எது சுற்றுலாத் தலமாகிறது என்பதையும் பாருங்க. 99 தூண்களோடு நிற்கும் ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனை அருங்காட்சியகமானது. பேராக்கில் ரப்பர் தோட்ட முதலாளி கட்டிய கெல்லிஸ் காசல் பிரபலமானது. இலங்கை மலையகத்தில் துரைமார் பங்களாக்கள் சொகுசு விடுதிகள் ஆகியிருக்கின்றன. மாளிகை நிற்கிறது, லயம் மறைகிறது.

மாற்று வழியும் இலங்கையிலேயே உண்டு. கம்பளை அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய லயன் அறைகளில் தொழிலாளர் அருங்காட்சியகம் நடக்கிறது. அங்கே காட்சிப்பொருள் துரையின் நாற்காலி அல்ல, தொழிலாளர் புழங்கிய பொருள்களும் அவர்களுடைய ஆவணங்களும்.

நாம் என்ன செய்யலாம்?

தேசியப் பாரம்பரியமாக ஒன்றை அறிவிக்கும்படி யார் வேண்டுமானாலும் அமைச்சருக்கு முன்மொழியலாம். சட்டமே அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் ஆதாரம் வேண்டும். பாட்டியின் பிறப்புப் பத்திரத்தில் உள்ள தோட்டப் பெயர், தாத்தாவின் சம்பளச் சீட்டு, பழைய திருவிழா அழைப்பிதழ், கோயில் ரசீது எல்லாமே ஆதாரம்தான். ஸ்கேன் செய்து வையுங்க. எந்த லயம் எங்கே இருந்தது, கோயிலைக் கட்டியது யார் என்று கேட்டுப் பதிவு செய்யுங்க.

கோயில், பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்கள் நிலத்தின் நிலையை மாவட்ட நில அலுவலகத்தில் இப்போதே விசாரிக்கலாம். தோட்டம் விலைபேசப்படும் முன்பு கேட்டால் பேச்சுவார்த்தைக்கு இடம் இருக்கும். இயந்திரம் வந்து நின்ற பிறகு கேட்டால், பெரும்பாலும் இடமாற்றத்துக்கான தேதி மட்டுமே பேச மிஞ்சும்.