ஆட்டுக்கல் ஓய்ந்த கதை

காலை ஐந்தரை மணிக்கும் எட்டரை மணிக்கும் இடைப்பட்ட மூன்று மணி நேரத்தில் பிள்ளைகளை எழுப்பி, குளிக்கச் செய்து, உண்பித்து, பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தாமும் பணிக்குப் புறப்படும் பெற்றோர் எத்தனை பேர்! 'உங்களுக்கு உற்ற துணை யார்?' என்று அவர்களைக் கேட்டால், அடுப்படியில் இருக்கும் குக்கரையும் மிக்சியையும் கிரைண்டரையும் சுட்டிக் காட்டுவார்கள். அந்தப் பதிலில் நகைப்பதற்கு எதுவும் இல்லை. முன்னிரவில் அரைத்து வைத்த மாவு புளித்துப் பொங்கியிருக்கிறது. பருப்பு நான்கு விசிலில் வெந்துவிடுகிறது. தேங்காய்ச் சட்டினிக்கு ஒரு நிமிடம் போதும். இவை இல்லாவிட்டால் அந்த வீட்டின் காலைப் பொழுது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், நன்றி தானாகவே பிறக்கும்.

ஆனால் நன்றி உணர்வுக்கு வரலாற்று அறிவும் வேண்டும். யாருக்கு, எதற்காக நன்றி சொல்கிறோம் என்று அறியாத நன்றி வெறும் மனநிறைவாகச் சுருங்கிவிடும். அரசர்கள் ஆண்ட ஆண்டுகளை நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். நம் வீட்டு ஆட்டுக்கல் எப்போது, எப்படி ஓய்ந்தது என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

கல்லோடு கழிந்த பொழுது

நெல் குத்த உரலும் உலக்கையும், பயறு உடைக்கத் திரிகை, மசாலை அரைக்க அம்மி, மாவு அரைக்க ஆட்டுக்கல் என்று நம் பாட்டிமார் காலத்து இல்லங்களில் நால்வகைக் கருவிகள் இருந்தன. நான்கையும் இயக்கிய ஆற்றல் பெண்களின் தோள்வலிமையே. ஆட்டுக்கல்லின் முன் கால் நீட்டி அமர்ந்து, வலக்கையால் குழவியைச் சுழற்றி, இடக்கையால் மாவைக் குழிக்குள் தள்ளி, இடையிடையே நீர் தெளித்து, அரிசியைத் தனியாகவும் உளுந்தைத் தனியாகவும் அரைத்தாக வேண்டும். பெரிய குடும்பமாயின் மாலைப்பொழுது முழுவதும் அதிலேயே கரைந்துவிடும். வசதி உள்ளவர்கள் கூலி கொடுத்து வேறொரு பெண்ணை அமர்த்திக்கொண்டனர். வசதி இல்லாத வீட்டில் தாய்க்குக் கைமாற்றாக மகள் அமர்ந்தாள். அவளுடைய பாடப் புத்தகம் மூடியே கிடந்தது.

எனவேதான் நாட்டுப்புற இல்லங்கள் பலவற்றில் இட்லியும் தோசையும் தீபாவளி, கிறிஸ்துமஸ் போன்ற திருநாள்களுக்குரிய பண்டங்களாகவே இருந்தன. நாவுக்கு ஆசை இல்லாமல் அல்ல, கைக்குச் சக்தி போதாமையால்!

பைக்காராவிலிருந்து கோவைக்கு

இந்நிலையை மாற்றிய கதை நீலகிரி மலையில் தொடங்குகிறது எனலாம். 1932ஆம் ஆண்டு பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் மின்சாரம் கோவைப் பகுதிக்குப் பாய்ந்தது. பஞ்சாலைகள் பெருகின. ஆலைகளுக்கு உதிரிப் பாகங்கள் செய்யும் வார்ப்படச் சாலைகளும் பட்டறைகளும் தோன்றின. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இந்நாட்டிலேயே உருவாக்கிய மின்மோட்டாரை வெளிக்கொணர்ந்தனர். மோட்டாரும், அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகளும், கல்லைக் கொத்தி வடிவமைக்கும் தச்சர்களும் ஒரே வட்டாரத்தில் கூடிய பின், எவரேனும் ஒருவர் மோட்டாரையும் ஆட்டுக்கல்லையும் இணைத்துப் பார்ப்பது இயல்புதானே? 1955இல் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி அதனைச் செய்தார்.

நிலைபெற்ற அந்த இயந்திரத்தின் அமைப்பு எளியது, ஆயினும் சிந்தனைக்குரியது. ஆட்டுக்கல்லில் உரல் அசையாது, குழவி சுழலும். கிரைண்டரிலோ உரல் சுழல்கிறது; குழவி ஒரு பிடியில் தன் இடத்தில் நிற்கிறது. மாவைத் தள்ளிவிடும் இடக்கையின் வேலையை ஒரு சிறு தகடு ஏற்றுக்கொண்டது. கல் மெதுவாகச் சுழல்வதால் மாவு அதிகம் சூடேறுவதில்லை. உளுந்து பொங்கி வருகிறது. அதிவிரைவாகச் சுழலும் மிக்சியின் இரும்புக் கத்தியால் மாவுக்கு அந்தப் பதத்தை எளிதில் தர இயலாது. பழங்கருவியின் நுட்பத்தைப் புதுக்கருவி ஏளனம் செய்யவில்லை, கற்றுக்கொண்டது. கோவை கிரைண்டருக்குப் பின்னாளில் 2005-06 ஆண்டில் புவிசார் குறியீடும் கிட்டியது. 2011இல் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையின்றி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, எளியோர் குடிசைகளிலும் ஆட்டுக்கல் ஓய்வு பெற்றது.

தாயகம் இழந்தவரின் பானை

கிரைண்டர் நம் மண்ணில் பிறந்தது. அதன் அருகில் இருக்கும் குக்கரோ தொலைவிலிருந்து வந்தது. பிரெஞ்சு அறிஞர் தெனி பாப்பன் 1679இல் இலண்டன் மாநகரில் இறுக மூடிய பானை ஒன்றை உருவாக்கினார். நீராவி வெளியேறாமல் அடைபட்டால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் நீர் நூறு பாகையைத் தாண்டியே கொதிக்கும். இன்றைய குக்கரில் அது ஏறத்தாழ 120 பாகை செல்சியசை எட்டுகிறது. உணவு விரைந்து வேகும் இரகசியம் இதுவே. கடின எலும்பையும் பாப்பனின் பானை குழைய வைத்தது. பானை வெடித்துவிடாதபடி காக்கும் அடைப்பானை அமைத்தவரும் அவரே. நம் குக்கரின் மேல் அமர்ந்து விசிலடிக்கும் சிறு எடை அதன் வழித்தோன்றல்.

பாப்பன் சீர்திருத்தச் சபையைச் சார்ந்தவர். 1685இல் பதினான்காம் லூயி மன்னர் அச்சபையாருக்கு இருந்த வழிபாட்டு உரிமையைப் பறித்தபின், அவர் தாயகம் திரும்ப வழியற்றுப் போனது. இறுதி நாள்களில் இலண்டனில் வறுமையுற்று, கவனிப்பாரின்றி மறைந்தார். சொந்த நாட்டில் இடமில்லாத ஒருவரின் சிந்தனை இன்று எண்ணற்ற இல்லங்களின் அடுப்பில் அமர்ந்திருக்கிறது. நாம் துய்க்கும் வசதிகளுக்குப் பின்னால் யாருடைய துன்பமெல்லாம் இருக்கிறது என்பதை எவரே கணக்கிட வல்லார்!

மிச்சமான நேரம் யாருக்கு?

இங்கே ஒரு வினா எழுகிறது. கருவிகள் நேரத்தை மிச்சப்படுத்தின என்கிறோம். மிச்சமான அந்த நேரம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

அமெரிக்க வரலாற்றறிஞர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்தார். திறந்த கணப்புக்குப் பதிலாக இரும்பு அடுப்பு வந்தபோது, விறகு பிளந்த ஆண்மக்களின் வேலை குறைந்தது; சமைத்த பெண்களின் வேலை குறையவில்லை. மாவு ஆலை வந்தபோது தானியம் திரிக்கும் உழைப்பு நீங்கியது. நயமான மாவு எளிதில் கிடைக்கவே, பெண்கள் பலவகைப் பலகாரங்கள் சுட வேண்டியதாயிற்று. கருவி ஒரு சுமையை இறக்கியது. உயர்ந்துவிட்ட எதிர்பார்ப்பு இன்னொரு சுமையை ஏற்றியது.

நம் இல்லங்களிலும் நிகழ்ந்தது இதுவன்றோ? திருநாள் பண்டமாயிருந்த இட்லி அன்றாட உணவாயிற்று. ஒருவருக்கு இட்லி, மற்றவருக்குத் தோசை, இருவகைச் சட்டினி என்று விருப்பங்கள் பெருகின. 'கிரைண்டர்தானே அரைக்கிறது' என்கிறோம். அரிசியை ஊற வைப்பதும், மாவை வழித்தெடுப்பதும், கல்லைக் கழுவித் துடைப்பதும் கிரைண்டர் செய்வதில்லை.

இந்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதற்குச் சான்று. ஊதியமற்ற வீட்டு வேலைகளில் பெண்களில் 81.2 விழுக்காட்டினர் ஈடுபட்டனர். ஆண்களில் ஈடுபட்டோர் 26.1 விழுக்காட்டினரே. அவ்வாறு ஈடுபட்டவர்களுள் ஒரு பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஓர் ஆண் 97 நிமிடங்களும் செலவிட்டனர். ஆட்டுக்கல் ஓய்ந்துவிட்டது. அதன்முன் அமர்ந்திருந்தவர் இன்னும் ஓயவில்லை.

இதனால் கருவிகளைப் பழிப்பதற்கில்லை. 'அம்மியில் அரைத்த குழம்பின் மணமே தனி' என்று ஏங்குவோர், அந்த மணத்துக்காகக் குனிந்த முதுகு தம்முடையதா என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. ஆட்டுக்கல்லின் முன்னிருந்து எழுந்த பெண்பிள்ளைகள் பலர் பள்ளிக்குச் சென்றனர். ஆசிரியராகவும் செவிலியராகவும் பணிக்குச் சென்றனர். கல்வியும் சட்டமும் சமூக மாற்றமும் அதற்குப் பெருங்காரணங்கள். எனினும் விடுபட்ட அந்த மாலைப்பொழுதுகளுக்கும் அதில் பங்குண்டு. அதற்காக நாம் சபாபதிக்கும், பெயர் தெரியாத கல்தச்சருக்கும், தாயகம் இழந்த பாப்பனுக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

பட்ட கடனை அவர்களுக்குத் திருப்பிச் செலுத்த இயலாது. நம் வீட்டாருக்குச் செலுத்தலாம். கருவி விடுவித்த நேரத்தில் தாய்க்கும் ஒரு பங்கு கிடைக்கிறதா? நாளிதழ் வாசிக்க, பிள்ளையோடு பேசிச் சிரிக்க, வெறுமனே சாய்ந்து அமர்ந்திருக்க அவருக்கு ஓர் அரைமணி நேரமாவது உண்டா? இன்று இரவு கிரைண்டர் நின்றபின், அந்தக் கல்லைத் தூக்கிக் கழுவி வைப்பது யாருடைய கை என்று பார்ப்போம். நாள்தோறும் அது ஒரே கையாக இருக்குமானால், நாளை நாம் எழுந்து செல்வோம்.