வல்லாரையும் வெல்லாரினும்

வயல் வரம்பிலும் கிணற்றடியிலும் படர்ந்து கிடக்கும் வல்லாரையை அறியாதார் நம் நாட்டில் இலர். சம்பலாகவும் கஞ்சியாகவும் நாம் உண்ணும் அவ்விலையின் சத்து, தோல் அழற்சியை ஆற்றும் களிம்பாகிச் சிறு குழாய்க்குள் அடைபட்டு, மருந்துக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வீற்றிருக்கின்றது. அதன் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையுடன் திரும்பிய தாய் ஒருத்தியை நாம் அறிவோம். அவள் மகன் நம்மிடம் பயிலும் மாணவன். அவன் கால்களிற் கரப்பான் படர்ந்திருந்தது. வேலியோரத்துக் கீரை குழாய்க்குட் புகுந்த வரலாறு அன்றுதொட்டு நம் சிந்தையை விட்டகலவில்லை.

மண்டூகபர்ணி என ஆயுர்வேத நூல்களும், வல்லாரை எனச் சித்த வைத்தியரும் போற்றிய இச்செடிக்கு 1753இல் லின்னேயசு இலத்தீன் பெயர் சூட்டினார். பெயர் சூட்டியதோடு ஐரோப்பா நெடுங்காலம் அதனை மறந்திருந்தது. 1852இல் மொரிசியசுத் தீவிலிருந்த புவாலோ என்னும் வைத்தியர், தொழுநோய்க்கு இது பயன்படும் என எழுதியபின்னரே மேல்நாட்டு மருத்துவ உலகம் செவிசாய்த்தது. சென்னைத் தொழுநோய் மருத்துவமனையில் ஹன்ரர் என்பார் இதனை நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார். நோயை அறுக்கும் மருந்து இதுவன்று, ஆயினும் வேதனையைத் தணித்து உடலைத் தேற்றுகின்றது என்பதே அவர் கண்ட முடிவு. நேர்மையான முடிவு, பின்வந்த ஆராய்ச்சிகள் யாவும் இதனையே வேறு வேறு வகையில் உறுதிப்படுத்தின எனலாம்.

அக்காலத்திலேயே புதுச்சேரியில் லெப்பீன் என்னும் பிரெஞ்சு மருந்தாளர் உலர்ந்த வல்லாரையைப் பகுத்தாராய்ந்து, நூற்றுக்கு ஒரு பங்களவான எண்ணெய்ப் பசையுள்ள பொருளொன்றைப் பிரித்தெடுத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'வெல்லாரின்'. நம் கிழவியர் வாயில் வழங்கிய சொல் ஐரோப்பிய மருந்து நூல்களில் ஏறிவிட்டது! தமிழ் கற்பிப்போராகிய நமக்கு இதில் எழும் மகிழ்ச்சியை மறைப்பதற்கில்லை. ஆனால் அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பின்வந்த இரசாயனவியலாளர் முயன்றும் அப்பொருளைப் பெற முடியாமற் போகவே, வெல்லாரின் ஏட்டளவில் நின்றுவிட்டது.

உண்மையான சத்து வெளிப்பட்டது மடகாஸ்கரில். 1941இல் பொந்தெம் என்பவர் அந்நாட்டு வல்லாரையிலிருந்து 'ஏசியாற்றிக்கோசைட்டு' என்னும் பொருளைப் பிரித்தார். அதனைத் தொழுநோயாளரின் புண்களில் ஆராய்ந்தவர் பியர் புவாத்தோ. தாவரவியலாளரான இப்பிரெஞ்சுக்காரர், குடியேற்ற ஆட்சிக்குட்பட்ட அம்மக்களின் வரலாற்றையும் 1958இல் நூலாக எழுதி வெளியிட்டவர். செடியை மட்டும் கண்டு மனிதரைக் காணாத ஆராய்ச்சியாளர் அல்லர். 1956இல் அவரும் மலகாசி அறிஞரான ரட்சிமமங்காவும் சேர்ந்து, எளிதில் ஆறாத புண்களிலும் தோற் காசத்திலும் இப்பொருளின் பயனை விளக்கி எழுதினர். ரட்சிமமங்கா அடுத்த ஆண்டு தம் நாட்டிலேயே ஆராய்ச்சி நிலையமொன்றை நிறுவினார். கீரையை ஏற்றுமதி செய்வதோடு தம் மக்களின் பங்கு முடிந்துவிட்டதென அவர் கருதவில்லை. நாம் நின்று நோக்க வேண்டிய இடம் இது.

1940களில் சல்போன் மருந்துகள் வந்தபின் தொழுநோய்ச் சிகிச்சையில் இலைக்கு இடமில்லாது போயிற்று. 1708இல் ஒல்லாந்தர் ஹெந்தலையில் எழுப்பிய தொழுநோய் மருத்துவமனையின் மதில்களுக்குள் தலைமுறை தலைமுறையாய் அடைபட்டோருக்கு விடிவைத் தந்தவை அம்மருந்துகளே, வல்லாரையன்று. இலைக்கு எஞ்சியது வேறு பணி. அதன் சத்துகள் கொலாஜன் என்னும் புரதத்தைத் தோலின் கலங்கள் மிகுதியாய் உண்டாக்கத் தூண்டுகின்றன. அழற்சியை மூட்டும் சில சுரப்புகளைக் குறைக்கின்றன என ஆய்வுகூடச் சோதனைகள் காட்டுகின்றன. குழாய்க் களிம்புகள் யாவும் இதனையே நம்பி விற்கப்படுகின்றன.

இனி நம் நாட்டு வல்லாரை. 1949இல் மடகாஸ்கர்ச் செடியின் சத்தைப் பற்றிய கட்டுரை 'நேச்சர்' இதழில் வெளிவந்தபோது, இலங்கைச் செடியைப் பற்றிய கட்டுரையும் உடன் வெளிவந்தது. லித்கோவும் திரிப்பெற்றும் இலங்கைச் செடியிற் கண்டது ஏசியாற்றிக்கோசைட்டு அன்று. 'சென்ரெல்லோசைட்டு' எனப் பெயரிட்ட வேறொரு பொருள். செடி ஒன்றே, மண்ணும் இனமும் மாறச் சத்தும் மாறுகின்றது. எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே என மார்தட்டுவோரும், பச்சிலை வைத்தியம் பாமரர் மடமை என எள்ளுவோரும் இந்த ஒரு செய்தியை எங்ஙனம் விழுங்குவர் என நாம் வியப்பதுண்டு. குழாயிலுள்ளது அளந்தெடுத்த சத்து; வேலியோரத்தில் உள்ளது அளவறியாத இலை. அன்றியும், சிலர் தோலுக்கு இச்செடியே ஒவ்வாமையை உண்டாக்குவதும் மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளது.

மருந்துக்கடையிலிருந்து திரும்பிய அன்று மாலையே அத்தாய் வல்லாரையைப் பறித்து அரைத்து மகன் கால்களிற் பூசினாள். மூன்றாம் நாள் புண்களில் நீர்வடிதல் மிகுந்தது. அதன்பின்னரே, ஒரு நாட்கூலியை இழந்து, அவனை அழைத்துக்கொண்டு அரசினர் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றாள்.