பச்சை நிறம் கேட்ட விலை

1/ 1861 நவம்பர், லண்டன். மட்டில்டா ஷூரர், வயசு 19. பெண்கள் தலையில் சூடும் செயற்கைப் பூ, இலை செய்யும் தொழிலாளி. வலிப்பு வந்து இறந்துபோனார். வாந்தி பச்சை, கண்ணின் வெள்ளைப் பகுதியும் பச்சை. பார்க்கிறதெல்லாம் பச்சையாத் தெரியுதுன்னு டாக்டரிடம் சொல்லியிருக்கார்.

2/ காரணம், இலைகள் மேல் அவர் தினமும் தூவிய பச்சைப் பொடி. செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்தது.

3/ 1775இல் ஷீலே என்ற வேதியியலாளர் இந்த வகைப் பச்சையை முதலில் உருவாக்கினார். 1814இல் இன்னும் பளிச்சென்ற ‘எமரால்டு பச்சை’ வந்தது. கவுன், கையுறை, பூச்சரம் எல்லாம் பச்சை. அதுதான் அப்போ ஃபேஷன்.

4/ மட்டில்டா இறந்த பிறகு ஹோஃப்மன் என்ற வேதியியலாளர் ஆய்வு செய்தார். ஒரே ஒரு தலைப்பூச்சரத்தில் 20 பேரைக் கொல்லும் அளவு ஆர்சனிக்!

5/ போட்டவங்களுக்கு அரிப்பு, தோல் புண். செஞ்சவங்களுக்கோ மூச்சிலும் விரலிலும் சாப்பாட்டிலும் நாள்பூரா விஷம்.

6/ பழைய கதைன்னு நினைக்காதீங்க. ஜீன்ஸை வெளுத்த மாதிரி காட்ட, மணலை வேகமாப் பீய்ச்சி அடிப்பாங்க. அந்தத் தூசியால் துருக்கியில் இளம் தொழிலாளர்களுக்கு சிலிகோசிஸ் வந்தது. நுரையீரல் தழும்பாகிப் போகும், குணப்படுத்த மருந்து இல்லை. 2009இல் அங்கே தடை செஞ்சாங்க.

7/ நோயாளியிடம் “என்ன வேலை பாக்குறீங்க?”ன்னு கேட்காம விட்டா இந்த நோய்களைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். துணி வாங்கும்போது நாமளும் கேட்கலாம்: இந்த நிறத்துக்காக யார் உடம்பு கெட்டது?