ஏழு வயசு

"பெரியவனுக்கு அப்ப ஏழு வயசு."

கடைசி இரண்டு வருடங்களில் அப்பாயி அதிகம் சொன்ன வாக்கியம் இதுதான். ஈசூன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லும். யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டோம். ஞாபகம் தடுமாறுது என்று விட்டுவிட்டோம். ஒருநாள் மட்டும் போனில் பதிவு செய்தேன். நாற்பது நிமிடம், அதில் பாதி குக்கர் சத்தம்.

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமம். தாத்தா 1948இல் சிங்கப்பூர் வந்து செம்பவாங் நேவல் பேஸில் கூலி வேலைக்குச் சேர்ந்தவர். 1951இல் ஊருக்குப் போனார், கல்யாணம் முடித்தார், சில மாதங்களில் திரும்பக் கப்பலேறிவிட்டார். 1952இல் பெரியப்பா பிறந்தபோது அவர் இங்கே இருந்தார். அப்பாயி அங்கே மாமியாரோடு. நடவு, களையெடுப்பு, மாட்டுக்குப் புல், ராத்திரி நெல் அவிப்பு. இதைத்தான் எங்கள் வீட்டில் "அப்பாயி அப்ப ஊர்ல சும்மாதான் இருந்துச்சு" என்று சொல்வார்கள்.

அது அன்றைக்கு ஊர் வழக்கம். 1931இல் சிங்கப்பூர் இந்தியர்களில் ஏறத்தாழ ஐந்து ஆண்களுக்கு ஒரு பெண்தான். ஆண் இங்கே சம்பாதிப்பார், குடும்பம் ஊரில் இருக்கும், நடுவே கடல் திறந்து கிடக்கும். சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு என்று நாம் படிப்பதெல்லாம் அந்த ஐந்து பேரைப் பற்றி. அவர்கள் காணியையும் அம்மாவையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டவர்கள் அந்த வரலாற்றில் வருவதில்லை. அவர்கள்தான் இங்கே இல்லையே.

கடல் 1953 ஆகஸ்ட் 1ஆம் தேதி பாதி மூடியது. அன்று நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம், நினைத்தவர் நினைத்தபோது வரலாம் என்ற நிலையை முடித்துவைத்தது. இங்கே வாழ்பவர்களின் மனைவி மக்களுக்கு மட்டும் வழி இருந்தது. 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட காலம் இங்கே வாழ்ந்திருந்தால் பதிந்துகொள்ளலாம். தாத்தாவும் பதிந்துகொண்டார்.

இது வரைக்கும் எனக்கு ஓரளவு தெரியும். விக்டோரியா தெரு நூலகத்தில் வேறு எதையோ தேடப் போனபோதுதான் 1959ஆம் ஆண்டு ஆணை ஒன்று கண்ணில் பட்டது. 1954 டிசம்பருக்குப் பிறகு தொடர்ந்து ஐந்து வருடம் கணவனைப் பிரிந்திருந்த மனைவிகள் இனி உள்ளே வர முடியாது. குடிமக்களின் பிள்ளைகளாகவே இருந்தாலும் ஆறு வயதோ அதற்கு மேலோ ஆகியிருந்தால் அவர்களும் வர முடியாது.

ஐந்து வருடத்தைக் கூட்டினால் 1959 டிசம்பர். அப்பாயி ராஜுலா கப்பலேறியது 1959. பெரியப்பா 1952.

வேலையில் நான் தினமும் இப்படி ஏதாவது ஒரு எண்ணை வரம்பாகப் போடுகிறேன். அந்தப் பக்கம் விழுந்தால் சரி, இந்தப் பக்கம் விழுந்தால் நிராகரி. அந்த எண்ணுக்கு முகம் இருக்கும் என்று யோசித்ததே இல்லை.

பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். குக்கர் சத்தத்துக்கு நடுவே எல்லாமே இருக்கிறது. "இனிமே வுட மாட்டானாம்னு காயிதம் போட்டாரு. நான் மட்டும் வந்தேன்." நாகப்பட்டினத்தில் கப்பல் கரையோரம் வராது, படகில் போய்த்தான் ஏற வேண்டும். பையனை மாமியார் இடுப்பில் தூக்கி வைத்திருந்தாராம். "ஏழு வயசுப் பயல இடுப்புல தூக்குவாங்களா? அன்னிக்குத் தூக்கி வச்சிருந்தாங்க."

சட்டத்தை மட்டும் சொல்லி முடித்தால் தாத்தா தப்பித்துவிடுவார். 1953க்கும் 1959க்கும் நடுவே ஆறு வருடம் வழி திறந்துதான் இருந்தது. வீடு கிடைக்கல, பணம் இல்ல, அம்மாவ யார் பாக்குறது? காரணங்கள் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அப்பாயியிடம் யாரும் எதையும் கேட்டதாகப் பதிவில் இல்லை.

மற்றதெல்லாம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. செம்பவாங்கில் தகரக் கூரை வீடு, கேகே மருத்துவமனையில் அத்தையும் அப்பாவும் பிறந்தது, பிரிட்டிஷ்காரன் போன பிறகு தாத்தா வேலை தேடி அலைந்தது, அப்புறம் அடுக்குமாடி. படிவங்களில் எல்லாம் அப்பாயி 'இல்லத்தரசி'.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துத் தேக்கா போகும். கறி, கீரை, மசாலா. தீபாவளி நெருங்கினால் சிராங்கூன் ரோட்டுத் துணிக்கடையில் கூடுதலாக ஒரு சட்டை. ஊருக்குப் போகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்ப. பையன் அளவு தெரியாது. தெருவில் போகும் பையன் எவனையாவது நிறுத்தி, "உனக்கு என்னா வயசு தம்பி?" என்று கேட்டு, அவன் முதுகில் சட்டையை வைத்துப் பார்க்குமாம். அத்தைக்கு அது பெரிய மானக்கேடு. கடை வாசலிலிருந்து தள்ளிப்போய் நின்றுகொள்வாராம்.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பாவிடம் அந்தச் சட்டைகளைப் பற்றிக் கேட்டேன். எழுபது தாண்டிவிட்டார். காது கொஞ்சம் மந்தம், இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

"ஒன்னுகூடச் சரியா இருந்ததில்லடா. எல்லாமே பெருசு. இங்கத்த சாப்பாட்டுக்கு நான் அவ்ளோ வளரல. அதுக்கு எப்படித் தெரியும்?"