அமராவதி: தலைநகர் உருவாக்கத்தில் பங்காளிகள்

அமராவதி, ஆந்திரப் பிரதேசத்தின் தலைநகரமாகத் திட்டமிடப்பட்டுக் கட்டப்பட்டுவரும் புதுநகரம். கிருஷ்ணா ஆற்றின் தென்கரையில், குண்டூர் மாவட்டத்தின் துள்ளூர், மங்களகிரி, தாடேபள்ளி மண்டலங்களைச் சேர்ந்த 29 ஊர்களின் நிலத்தில், 217 சதுர கி.மீ. பரப்பில் இதன் எல்லை வகுக்கப்பட்டது. ஊர்மக்கள் நிலம் தர, தனியார் நிறுவனங்கள் முதலீடு கொண்டுவர, அரசு நடுநின்று நகரைக் கட்டுவது என்ற ஏற்பாட்டுக்காகவே இந்நகரம் பெரிதும் பேசப்படுகிறது.

பெயரும் பின்னணியும்

சாதவாகனர் காலத் தலைநகரான தான்யகடகமும் அதன் அருகிலிருந்த மகா சைத்தியமும் அமராவதி என்ற பெயருக்குப் புகழ் சேர்த்தவை. அங்கு 1845இல் வால்டர் எலியட் தோண்டி எடுத்த சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் சென்னைக்கு வந்தன; பின்னர் ஒரு பகுதி லண்டனுக்குப் போயிற்று. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களை இன்றும் காணலாம். புதிய தலைநகர் அந்தப் பழைய ஊரில் அமையவில்லை. பெயரை மட்டுமே எடுத்துக்கொண்டது. பழைய அமராவதி மேற்கே, இப்போதைய பல்நாடு மாவட்டத்தில் இருக்கிறது.

2014 ஜூன் 2ஆம் நாள் தெலங்கானா பிரிந்தபோது, பத்தாண்டுக்கு மிகாமல் ஐதராபாத் இரு மாநிலங்களுக்கும் பொதுத் தலைநகராக இருக்கும் என்று மறுசீரமைப்புச் சட்டம் கூறியது. இடம் தேட மத்திய அரசு அமைத்த சிவராமகிருஷ்ணன் குழு, விஜயவாடா–குண்டூர் பகுதியின் வளமான விளைநிலத்தில் ஒரே பெருநகரைக் கட்டுவது கூடாது, அரசு அலுவலகங்களைப் பரவலாக அமைக்கலாம் என்று 2014 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவின் அரசு அதை ஏற்கவில்லை. அறிக்கை வந்த அடுத்த மாதமே விஜயவாடாப் பகுதியில்தான் தலைநகர் என்று சட்டப்பேரவையில் அறிவித்தது. டிசம்பரில் தலைநகர் வட்டார வளர்ச்சி ஆணையச் சட்டம் நிறைவேறியது.

நிலத் திரட்டுத் திட்டம்

மொத்த ஏற்பாட்டின் அச்சாணி நிலத் திரட்டுத் திட்டமே. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி நிலம் எடுத்தால் இழப்பீட்டைப் பணமாகத் தர வேண்டும். சமூகத் தாக்க ஆய்வு நடத்த வேண்டும். மாநிலம் பிரிந்த வேளையில் அரசிடம் அவ்வளவு பணம் இல்லை. எனவே நிலத்துக்கு ஈடாக மனை தரும் முறை தேர்ந்தெடுக்கப்பட்டது. இம்முறை புதியதன்று. 1915இன் பம்பாய் நகரத் திட்டச் சட்டத்தில் இதற்கு வேர் உண்டு. குஜராத் 1976இல் தனிச் சட்டமே இயற்றி நகர விரிவாக்கத்துக்கு இதைப் பயன்படுத்தியது. ஆனால் அங்கெல்லாம் ஏற்கெனவே இருந்த நகரின் ஓரத்தில் சில நூறு ஏக்கர் என்ற அளவில்தான் பெரும்பாலும் நடந்தது. வயலிலிருந்தே முழு நகரை எழுப்ப இதைக் கையாண்டதுதான் அமராவதியின் தனித்தன்மை.

2015 ஜனவரி முதல் அதிகாரிகள் ஊர் ஊராக முகாமிட்டனர். சம்மதம் தெரிவிப்பவர் 9.3 படிவத்திலும், ஆட்சேபிப்பவர் 9.2 படிவத்திலும் எழுதித் தர வேண்டும். பின்பு 9.14 என்ற வளர்ச்சி ஒப்பந்தம் கையெழுத்தாகும். புன்செய் ஓர் ஏக்கருக்கு 1,000 சதுர கஜம் குடியிருப்பு மனையும் 250 சதுர கஜம் வணிக மனையும் கிடைக்கும். ஆற்றோரத்து ‘ஜரீபு’ நிலம் ஆண்டு முழுதும் விளைவது என்பதால் அதற்கு வணிக மனை 450 சதுர கஜம். ஏக்கர் என்பது 4,840 சதுர கஜம் ஆகையால், விவசாயிக்குத் திரும்பி வருவது கால் பங்கு முதல் முப்பது விழுக்காடு வரை. மீதி நிலம் சாலைக்கும் பூங்காவுக்கும் அரசுக் கட்டடங்களுக்கும் விற்பனைக்கும் போகும். விளைச்சல் நின்றதற்கு ஈடாகப் புன்செய்க்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய், ஜரீபுக்கு 50,000 ரூபாய் எனப் பத்தாண்டுகளுக்கு ஆண்டுத்தொகை உண்டு. முறையே 3,000, 5,000 ரூபாய் ஆண்டுதோறும் கூடும். எந்த மனை யாருக்கு என்பதைக் கணினிக் குலுக்கல் தீர்மானித்தது.

28,000க்கும் மேற்பட்ட விவசாயிகள் ஏறத்தாழ 34,000 ஏக்கரை ஒப்படைத்தனர். அவர்களில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள். துள்ளூர்ப் பக்கத்தில் மானாவாரியாகப் பருத்தி விளைந்த ஊர்கள் விரைவில் இசைந்தன. வாழையும் காய்கறியும் பூவும் விளையும் பெனுமாக்க, உண்டவல்லி ஆகிய ஆற்றோர ஊர்களில் எதிர்ப்பு வலுத்தது, பலர் 9.2 படிவமே கொடுத்து நீதிமன்றம் சென்றனர். அச்சுறுத்தி வாங்கினார்கள் என்ற புகார்களும் எழுந்தன.

கூலித் தொழிலாளரையும் குத்தகைதாரரையும் இந்த ஏற்பாடு பங்காளியாகக் கருதவில்லை. நிலமற்ற குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபாய் ஓய்வூதியம் அறிவிக்கப்பட்டது. அரசு ஒப்படை நிலம் வைத்திருந்த தலித் குடும்பங்களுக்குப் பட்டா நிலத்தாரைவிடக் குறைந்த மனையே தொடக்கத்தில் நிர்ணயிக்கப்பட்டது. திட்டத்தின் பெருங்குறை இது.

நிறுவனங்கள்

சிங்கப்பூர் அரசுடன் 2014 டிசம்பரில் ஒப்பந்தம் ஏற்பட்டது. சுர்பானா, ஜூராங் நிறுவனங்கள் பெருந்திட்டம் வரைந்தன. 1,691 ஏக்கர் தொடக்கப் பகுதியை வளர்க்கும் உரிமை, அசெண்டாஸ்–சிங்பிரிட்ஜ், செம்ப்கார்ப் கூட்டமைப்புக்கு ‘சுவிஸ் சேலஞ்ச்’ முறையில் 2017இல் கிடைத்தது. ஒரு நிறுவனம் தானே முன்மொழிய, அதைவிட நல்ல விலை தர மற்றவர்க்கு வாய்ப்பளிப்பது இம்முறை. பங்கு கூட்டமைப்புக்கு 58, அரசு நிறுவனத்துக்கு 42 விழுக்காடு. அரசுக் கட்டட வளாகத்துக்கு முதலில் ஜப்பானின் மாக்கி நிறுவனம் தேர்வாகி, பிறகு லண்டனின் ஃபாஸ்டர் நிறுவனம் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து வி.ஐ.டி., எஸ்.ஆர்.எம். ஆகியவை 2017இல் பல்கலைக்கழகங்களைத் தொடங்கின.

மக்கள் பங்கேற்பின் அடையாளமாக ஊர்தோறும் மண்ணும் நீரும் திரட்டப்பட்டன. செங்கல் ஒன்றுக்குப் பத்து ரூபாய் என இணையத்தில் நன்கொடை கேட்கப்பட்டது. 2015 அக்டோபர் 22 அன்று பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார்.

முறிவு

2019இல் ஆட்சி மாறியது. ஜூலையில் உலக வங்கியும் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியும் நகருக்கான கடன் திட்டத்திலிருந்து விலகின. நவம்பரில் சிங்கப்பூர்க் கூட்டமைப்பு பரஸ்பர உடன்பாட்டில் வெளியேறியது. டிசம்பர் 17 அன்று புதிய முதலமைச்சர் ஜெகன்மோகன் ரெட்டி, தலைநகரை மூன்று நகரங்களுக்குப் பிரிக்கும் மூன்று தலைநகர்த் திட்டத்தைப் பேரவையில் முன்வைத்தார். வங்கிக்கும் நிறுவனத்துக்கும் விலகிப்போக வழி இருந்தது. வரப்பு அழிந்து, வயலுக்கு நடுவே சாலை போட்ட நிலத்தைத் திரும்பப் பெற்று உழுவதற்கு விவசாயிக்கு வழி இருக்கவில்லை. மூன்று தலைநகர்த் திட்டத்தை எதிர்த்துப் பெண்கள் முன்னின்று நடத்திய போராட்டம் நான்கரை ஆண்டு நீடித்தது. 2021 நவம்பரில் துள்ளூரிலிருந்து திருப்பதிக்கு நடைப்பயணம் புறப்பட்டது. அத்திட்டத்துக்காக இயற்றப்பட்டிருந்த சட்டம் அம்மாதமே திரும்பப் பெறப்பட்டது.

2022 மார்ச் 3 அன்று உயர்நீதிமன்றம், விவசாயிகளுக்குக் கொடுத்த வாக்குறுதி அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்து, மனைகளை மூன்று மாதங்களில் ஒப்படைக்க உத்தரவிட்டது. காலக்கெடுக்களை உச்சநீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் நிறுத்திவைத்தது.

இன்றைய நிலை

2024இல் நாயுடு மீண்டும் ஆட்சிக்கு வந்தார். டிசம்பரில் உலக வங்கி 80 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. 2025 மே 2 அன்று பிரதமர் பணிகளை மறுபடி தொடங்கிவைத்தார். பேரவை, செயலகம், உயர்நீதிமன்றம் ஆகியவற்றின் கட்டடங்களோடு, நிலம் தந்தவர்களின் மனைகளுக்குச் சாலையும் குடிநீரும் மின்சாரமும் தர அரசு கடமைப்பட்டுள்ளது. முதலில் நிறைவேற வேண்டியது அந்த மனைகளின் பணியே.