சோற்றின் நிறம் வயிற்றில் என்ன ஆகிறது?



கருப்புக் கவுணி, மாப்பிள்ளைச் சம்பா போன்ற நிற அரிசிகளுக்கு இன்று நல்ல கிராக்கி இருக்கிறது. "நோய் தீரும்" என்று பையிலேயே அச்சடித்து விற்கிறவர்களும் உண்டு. விளைவிக்கிற நமக்கு அதில் எது மெய், எது மிகை என்று தெரிய வேண்டாமா? அதற்குத் தவிட்டின் கதையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

முதல் பாடம் ஜாவாத் தீவில் கிடைத்தது. 1890-ஐ ஒட்டி, அங்கே எய்க்மான் என்ற டச்சு மருத்துவரின் கோழிகள் கால் தள்ளாடி விழுந்தன. ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோறுதான் அவற்றுக்குத் தீனி. தீட்டாத அரிசிக்கு மாற்றியதும் எழுந்து நடந்தன. மனிதருக்கு வந்த பெரிபெரி நோயும் இதே மாதிரிதான். மலேயாவில் சயாமின் தீட்டிய பச்சரிசியைச் சாப்பிட்ட சீனத் தொழிலாளிகளை அது வாட்டியது. புழுங்கலரிசி சாப்பிட்ட நம்ம தமிழ்த் தொழிலாளிகளோ பெரும்பாலும் தப்பினார்கள். இதைப் பிராடன் என்ற மருத்துவர் 1907-இல் எழுதினார். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டுச் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, அதுதான் காரணம். 1926-இல் ஜாவாவிலேயே அந்தச் சத்தைத் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதுதான் பி1 வைட்டமின்.

நிறமும் அதே தவிட்டில்தான் இருக்கிறது. கவுணியின் கருப்பு, நாவல்பழத்தில் உள்ள ஆந்தோசயனின் என்ற சாயம். சிவப்பரிசியின் சிவப்பு, பாக்கின் துவர்ப்பைத் தருகிற டானின் இனம். காற்றுப் பட்டு இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி நம் உடம்பின் அணுக்களிலும் ஒரு சேதம் நடக்கிறது. அதைத் தடுக்கும் குணம் இந்தச் சாயங்களுக்கு உண்டு என்பது சோதனைக் குழாயில் தெரிந்தது.

உடனே எண் போட ஆரம்பித்தார்கள். எந்த உணவுக்கு இந்தச் சக்தி எவ்வளவு என்று அமெரிக்க விவசாயத் துறை 2007-இல் ஒரு பட்டியலே வெளியிட்டது. கம்பெனிகள் அதை விளம்பரமாக்கின. 2012-இல் அதே துறை பட்டியலை வாபஸ் வாங்கிக்கொண்டது. குழாயில் கண்டது உடம்பிலும் அப்படியே நடக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதே காரணம். நடுவில் அடுப்பும் வயிறும் இருக்கிறதே!

அடுப்பைப் பாருங்கள். 2009-இல் கலிபோர்னியாவில் கருப்பரிசியைச் சமைத்துச் சோதித்தார்கள். பிரஷர் குக்கரில் முக்கியச் சாயம் சுமார் 80 சதவீதம் குறைந்தது. சாதாரண அடுப்பில் 65 சதவீதம். ஆனால் அத்தனையும் வீணாகவில்லை. ஒரு பங்கு உடைந்து, அதே இனத்துச் சிறிய அமிலமாக மாறியிருந்தது.

அடுத்தது வயிறு. 2014-இல் பல நாட்டு விஞ்ஞானிகள் கூடி, வாய், இரைப்பை, சிறுகுடல் ஆகிய மூன்றின் வேலையையும் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்க்க ஒரு பொது முறையை வகுத்தார்கள். இப்படிப்பட்ட சோதனைகளில் தெரிந்தது இதுதான். இரைப்பையின் புளிப்பில் கருப்புச் சாயம் ஓரளவு நிலைத்து நிற்கிறது. சிறுகுடலில் பித்தநீரும் கணையநீரும் சேர்ந்து புளிப்பு போனதும் பெரும்பகுதி சிதைகிறது. இதன் சாயலை வீட்டிலேயே பார்க்கலாம். கவுணி கழுவிய தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் சிவக்கும். ஆப்பசோடா போட்டால் அந்தச் சிவப்பு போய்விடும். ஆக, சாயமாகவே ரத்தத்தில் சேர்வது கொஞ்சம்தான்.

அப்படியானால் பயனே இல்லையா என்று கேட்பீர்கள். இங்கேதான் நார் வருகிறது. தவிட்டில் ஃபெருலிக் அமிலம் போன்ற பொருள்கள் நாரோடு பிணைந்து கிடக்கின்றன. அரிசியில் இந்த இனப் பொருள்களில் 62 சதவீதம் இப்படிப் பிணைந்தது என்று 2002-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணக்கிட்டார்கள். நம் ஜீரண நீர்களால் அவற்றை எளிதில் அவிழ்க்க முடியாது. அவை பெருங்குடல் வரை போகின்றன. அங்கே வாழும் நுண்ணுயிர்கள், தொழுவுரத்தை மக்க வைப்பது போல, நாரைச் சிறுகச் சிறுகப் பிரித்து அவற்றை விடுவிக்கின்றன. சிவப்பரிசியின் டானினும் பெரும்பாலும் அங்கேதான் உடைகிறது.

ஆகவே, நூறு வருஷத்துக்கு முன் கோழி சொன்ன பாடத்தையே இன்றைய ஆய்வும் சொல்கிறது: தவிட்டைக் காப்பாற்று. நிற நெல்லைப் பளபளவென்று தீட்டினால் சாயம், நார், பி1 மூன்றும் மாட்டுத்தீவனத்துக்குப் போய்விடும். உமியை மட்டும் நீக்கச் சொல்லுங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்குவாடை வரும். விற்பனைக்குத் தக்கபடி கொஞ்சங்கொஞ்சமாக அரையுங்கள். கஞ்சியை வடித்துக் கொட்டாமல், அளவாகத் தண்ணீர் வைத்துப் பொங்கச் சொல்லுங்கள்.

வாங்க வருகிறவரிடம் "நோய் தீரும்" என்று சொல்ல வேண்டாம். அதை நம்பி ஒருவர் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால் ஆபத்து. கவுணியும் மாவுச்சத்துள்ள அரிசிதான். "தவிடு போகாத அரிசி" என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லுக்கு நாம் உத்தரவாதம் தரலாம். விலையும் அதற்கே கேட்கலாம்.