ஏறு தழுவுதல்: நீதிமன்றம் ஏறிய ஒரு சொல்

நீண்ட பதிவு. மொழியியல், சட்ட வரலாறு, நாட்டார் வழக்காற்றியல் ஆகிய துறைகளில் ஆய்வு செய்யும் நண்பர்களை மனத்தில் கொண்டு எழுதுகிறேன்.

செம்பூர் வழியாகச் செல்பவர்கள் ‘பாஞ்சராப்போள்’ என்ற பெயரைப் பலகைகளில் கண்டிருப்பார்கள். முதிர்ந்த, நோயுற்ற கால்நடைகளுக்கான புகலிடத்தைக் குறிக்கும் குஜராத்திச் சொல் அது. 1832-இல் தெருநாய்களைக் கொல்லும் ஆணையை எதிர்த்துப் பம்பாயில் கலவரம் மூண்டது. அதன் பின்விளைவாக 1834-இல் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய், மோதிசந்த் அமிசந்த் ஆகிய வணிகர்கள் பம்பாய்ப் பாஞ்சராப்போளை நிறுவினர். 1874-இல் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது. 2000-இல் செயல்படத் தொடங்கிய பீட்டா இந்தியாவும் மும்பையில் வேர்கொண்ட அமைப்பே. ஆக, விலங்குகளின் சார்பாகப் பேசும் அமைப்புகளுக்கு இந்நகரில் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு வரலாறு உண்டு. ஜல்லிக்கட்டின் சார்பாகப் பேசும் அமைப்புகளின் வரலாறோ பெரும்பாலும் 2006-க்குப் பிந்தையது. இந்தக் கால இடைவெளியைக் கணக்கில் கொள்ளாமல் ஜல்லிக்கட்டு வழக்குகளைப் படிப்பது முழுமையாகாது என்பது என் கருத்து.

ஹூஸ்டன் நகரில் 1932 முதல் நடைபெற்றுவரும் கால்நடைக் கண்காட்சியையும் ரோடியோவையும் இலாப நோக்கற்ற நிறுவனம் ஒன்றே நடத்துகிறது. அதன் வருவாயிலிருந்து கல்வி உதவித்தொகையும் வழங்குகிறது. நம்மிடம் அமைப்பு முறை வேறு. ஜல்லிக்கட்டு ஊருக்கும் கோயிலுக்கும் உரியது. அதை நடத்த ஊர்க்கூட்டம் போதும். பதிவு எண்ணும் முத்திரைத்தாளும் தேவைப்படவில்லை. 2006 மார்ச் 29 அன்று, ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி கோரி வந்த ஒரு மனுவில், சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி பானுமதி ஜல்லிக்கட்டையும் சேர்த்துத் தடை செய்தார். அனுமதி கேட்டுச் சென்ற மனு தடையில் முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2007 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை மாற்றியது. 2009-இல் தமிழ்நாடு அரசு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. வழக்கில் தரப்பாக நிற்க ‘ஊர்’ போதாது என்பது இக்காலத்தில்தான் புலனாயிற்று. பேரவைகள் வளர்ந்தது அந்தத் தேவையால்.

பேரவைகளின் தொடக்ககால வாதம் ‘வீர விளையாட்டு’ என்ற சொல்லைச் சுற்றியே அமைந்தது. 2011 ஜூலையில் மத்திய அரசு, காட்சிப்படுத்தவும் பழக்கவும் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவை இருந்த பட்டியல் அது. வீட்டுத் தொழுவில் வளரும் விலங்கு ஒரே அறிவிக்கையில் புலியோடு சேர்ந்தது. இந்நிலையில் ‘விளையாட்டு’ என்ற வாதம் எடுபடவில்லை. விளையாட்டு என்றாலே பொழுதுபோக்கு, பொழுதுபோக்குக்காக விலங்கை வருத்தலாமா என்பது எதிர்த்தரப்பின் எளிய கேள்வி.

2014 மே 7 அன்று நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், பினாகி சந்திர கோஷ் ஆகியோர் வழங்கிய தீர்ப்பு, மொழியியல் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டிய ஆவணம். அதில் சொற்பிறப்பியலே சான்றாக நிற்கிறது. ‘சல்லி’ என்றால் காசு, ‘கட்டு’ என்றால் முடிச்சு. எனவே ஜல்லிக்கட்டு கொம்பில் கட்டிய காசைப் பறிப்பது. ‘ஏறு தழுவு’ என்றால் காளையை அணைத்தல், அடக்குதல் அன்று. ஆகவே இன்றைய ஜல்லிக்கட்டு தமிழ் மரபு ஆகாது. வாதம் இவ்வாறு செல்கிறது.

ஒரு சொல்லின் வேர்ப்பொருளே அதன் உண்மைப்பொருள் என்று கொள்வது மொழியியலில் முதலாண்டிலேயே சுட்டிக்காட்டப்படும் பிழை. அதைவிட முக்கியமானது, ‘தழுவுதல்’ என்பதன் மென்மையை முல்லைக்கலி ஏற்காது என்பது. அப்பாடல்களில் ஆயர் இளைஞர்கள் கொம்பில் குத்துண்டு குடல் சரியக் கிடக்கிறார்கள்; தொழுவம் குருதியில் நனைகிறது. அங்கே தழுவுதல் என்பது உயிரைப் பணயம் வைத்துத் திமிலைப் பற்றுதல். பேரவைகளும் இதே சொல்லைத்தான் பிடித்துக்கொண்டன: நாங்கள் அடக்குவதில்லை, தழுவுகிறோம் என்று. இரு தரப்பும் ஒரு சொல்லின் இனிய பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எதிரெதிர் முடிவுகளுக்கு வந்தன. இலக்கியம் சான்றாகக் கூண்டில் ஏறும்போது அதன் குருதி துடைக்கப்பட்டுவிடுகிறது.

தோல்விக்குப் பின் வாதம் இடம் மாறியது. காங்கேயத்தில் கார்த்திகேய சிவசேனாபதி நடத்தும் சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி அறக்கட்டளை போன்ற அமைப்புகள் ‘நாட்டினம்’ என்ற சொல்லை மையத்துக்குக் கொண்டுவந்தன. உழவுக்கு டிராக்டரும் சினைக்கு ஊசியும் வந்தபின் நாட்டுக் காளைக்கு வேலை இல்லை. ஆண் கன்று பிறந்தால் அடிமாடாக விற்பதே வழி. வாடிவாசலில் பெயர் எடுக்கும் காளையே பொலிகாளையாகவும் நிற்கிறது. ஆகவே ஜல்லிக்கட்டு நின்றால் காங்கேயம், புலிக்குளம் போன்ற இனங்களைப் பேணும் காரணம் ஒன்று அறுந்துபோகும். முன்பு காளையின் மீது வீரனுக்கு இருந்த உரிமை பேசப்பட்டது. இப்போது இனம் நிலைக்கக் காளைக்கு இருக்கும் தேவை பேசப்பட்டது. எதிர்த்தரப்பின் மொழியிலேயே எதிர்த்தரப்புக்கு விடை கூறும் இந்த நகர்வு மிகக் கூர்மையானது என்றே மதிப்பிடுகிறேன்.

2017 ஜனவரிப் போராட்டம் அனைவரும் அறிந்தது. தாராவி உள்ளிட்ட மும்பைத் தமிழ்ப் பகுதிகளிலும் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. மாட்டுங்காவின் பழைய தமிழ்க் குடும்பங்களுக்கும் தாராவியின் மூன்றாம் தலைமுறைக்கும் வாடிவாசல் நேரடி நினைவன்று. இருந்தும் அச்சொல் அவர்களையும் திரட்டியது. ஜனவரி 23 அன்று சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டத்தின் முன்னுரையில் பண்பாட்டு மரபு, நாட்டினக் காளைகளின் நிலைபேறு என்ற இரண்டும் இடம்பெற்றன. அமைப்புகளின் சொற்கள் சட்டத்தின் சொற்கள் ஆயின.

அதே சட்டம் வேறொன்றையும் செய்தது. மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா ஆகிய அனைத்தையும் ‘ஜல்லிக்கட்டு’ என்ற பெயருக்குள் அடக்கியது. வட மாவட்டங்களின் எருதுவிடும் விழாவில் காளை குறித்த தொலைவை எவ்வளவு விரைவாகக் கடக்கிறது என்பதே கணக்கு, எவரும் தழுவுவதில்லை. வடமாட்டில் காளை கயிற்றில் பிணைக்கப்பட்டிருக்கும். வழக்காற்றில் தனித்தனியே வாழ்ந்த பெயர்கள் பாதுகாப்பின் பொருட்டு ஒரு பெயரின் கிளைகளாயின. பொருள் விரிவு இவ்வாறு நாள் குறித்து நிகழ்வது அரிது. ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுவோர் கவனிக்கலாம்.

மராட்டியத்துக்கும் இதில் நேரடிப் பங்கு உண்டு. 2014 தீர்ப்பு இங்குள்ள மாட்டுவண்டிப் பந்தயத்தையும் சேர்த்தே தடுத்தது. ‘பைல்காடா சரியத்’ அமைப்பினர் கில்லாரி இனத்தை முன்னிறுத்தித் தமிழ்நாட்டு வாதத்தையே பின்பற்றினர். 2017-இல் மராட்டியமும் சட்டம் திருத்தியது. 2021 டிசம்பரில் உச்சநீதிமன்றம் பந்தயத்தை அனுமதித்தது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தமிழ்நாடு, மராட்டியம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலச் சட்டங்களும் செல்லும் என்றது. எது பண்பாடு என்ற வினாவில் சட்டமன்றத்தின் கருத்தை ஏற்றது. 2014-இன் சொற்பிறப்பியல் வாதம் அங்கே முடிவுக்கு வந்தது.

தாராவியிலிருந்து பார்க்கும்போது இன்னொரு சட்டமும் கண்ணில் படுகிறது. 2015-இல் மராட்டியம் காளை, எருது வதையையும் தடை செய்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த தோல் பதனிடுவோர் வளர்த்தெடுத்த தாராவியின் தோல் தொழிலுக்கு மூலப்பொருள் அருகியது. அங்கும் காப்பாற்றப்பட்டது காளையே. உழவுக்குப் பயன்படாத காளையை இறுதிவரை யார் தீனி போட்டு வளர்ப்பது என்ற கேள்வியில்தான் ‘நாட்டினம்’ வாதத்தின் பொருளாதார அடித்தளம் இருக்கிறது. தோல் தொழிலாளியின் வாழ்வும் அதே கேள்வியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. எந்தச் சாதியார் காளையைப் பிடிக்கலாம், எந்தச் சாதியார் அதன் தோலை உரிக்க வேண்டும் என்பதை ஊர் வகுத்திருந்த காலத்தின் தொடர்ச்சி இது. தலித் அறிவாளர்கள் 2017-இலேயே இதைச் சுட்டினர். மும்பைத் தமிழரிடையே காளைக்காக எழுந்த பேச்சையும் தோலுக்காக எழுந்த பேச்சையும் இணைத்துப் படிக்க விரும்பும் மாணவர்கள், 2015 முதல் 2017 வரையிலான தாராவித் துண்டறிக்கைகளை இப்போதே திரட்டத் தொடங்குவது நல்லது. அவை நூலகங்களுக்கு வந்து சேரும் வகைத் தாள்கள் அல்ல.